முதல் கீறல்

முதுகுக்குப் பின்னால் கத்தி இறங்குகிறது, டொக் என்று ஒரு சத்தம், பிறகு மாட்டிக்கொண்ட கத்தியைப் பிடுங்க அப்பா மூச்சைப் பிடிக்கும் சத்தம், நான் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன், சுவரில் காலண்டர், காலண்டரில் ஊறுகாய்க் கம்பெனி விளம்பரம், பக்கத்தில் அம்மாவும் அந்த ஊறுகாயைப் பார்த்தபடிதான் நிற்கிறாள், முழுப் பூசணிக்காயைப் பெண்கள் வெட்டக் கூடாது, வெட்டுவதைப் பார்க்கவும் கூடாது, அது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சட்டம், உள்ள என்னப்பா இருக்கு என்று சுவரிடம் கேட்கிறேன், என்ன இருக்கும், காய்தான் இருக்கும், இப்ப திரும்பு என்கிறார் அப்பா, திரும்பினால் எல்லாம் முடிந்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, அம்மா அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், தோல் சீவுவது அவள், விதை அள்ளுவது அவள், துண்டு போட்டுக் குழம்பு வைத்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதும் அவள், அந்த ஒரே ஒரு கீறலுக்குத்தான் ஆண்பிள்ளை வேண்டும், அப்பா மின்வாரிய வேலையாக வெளியூர் போயிருந்தால் எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டனுப்புவாள், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலம் திறக்க வந்த மந்திரி மாதிரி வந்து, ஒரு போடு போட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். எனக்கு வேண்டியிருந்தது அந்த நொடிதான், கத்தி இறங்கும் நொடி, அதற்கு முன்னால் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது, யாருமே பார்க்காதபோது அது எப்படி இருந்தது, நாங்கள் திரும்புவதற்குள் ஏதாவது எழுந்து ஓடிவிட்டதா, கேட்டால் சிரிப்பார்கள், அதனால் கேட்கவில்லை, ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தேன், இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா, பம்ப்கினுக்குள்ள இப்ப இருட்டா இருக்குமா ஆரஞ்சா இருக்குமா என்று செழியன் கேட்கிறான், என் கேள்வி எப்படியோ கடல் தாண்டி வந்து இவன் வாயில் உட்கார்ந்திருக்கிறது, டிராக்டர் இழுக்கிறது, வண்டி ஆடுகிறது, வைக்கோல் கட்டு காற்சட்டையைத் தாண்டிக் குத்துகிறது, ஐந்து வயதுக்காரன் என் தொடையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறான், தெரியலடா, நீ என்ன நினைக்கற என்கிறேன், நியூஜெர்சியில் இலையெல்லாம் சிவந்து உதிர்கிற மாதம், ஒவ்வொரு வருஷமும் நாங்கள் வருகிற அதே பண்ணை, அதே வண்டி, அதே ஆப்பிள் சாறு வாசனை, எதிரே இருக்கிற வைக்கோல் கட்டின் மேல் எட்டு வயது மகள் தாரிணி, தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள், வண்டியில் கூட்டம், இங்கே உட்காரலாமா என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டாள், ஓடுகிற வண்டியில் எந்த ஆள் எங்கிருந்து வருவார், எனக்குத் தெரியும் அந்த இடம் யாருக்கு என்று, தெரிந்ததால்தான் மரங்களைப் பார்க்கிறேன். அப்பா டாலஸில் ப்ராஜெக்ட் முடிந்ததும் வந்துவிடுவார் என்று வசந்தத்திலிருந்து பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அங்கே ப்ராஜெக்ட் எதுவும் இல்லை, வேறொரு வீடு இருக்கிறது, வேறொருத்தி இருக்கிறாள், பிரிவதென்று எங்களுக்குள் முடிவாகி வக்கீல்கள் வரைக்கும் போய்விட்டது, பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது, நீயே சொல்லிடு, நீதான் பக்குவமாச் சொல்லுவே என்று போனில் சொன்னார் என் கணவர் ராஜ்மோகன், பக்குவமாம், செய்வதையெல்லாம் அவர் செய்துவிட்டுப் பக்குவத்தை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார், எரிச்சலில் போனைச் சோபாவில் வீசினேன், அது குதித்துத் தரையில் விழுந்தது, எடுத்துப் பார்த்தேன், உடையவில்லை, அதுகூட எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கல்யாணமான புதிதில் இதே பண்ணையில்தான் அவரிடம் அந்தச் சட்டத்தைச் சொன்னேன், விளையாட்டாகத்தான் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, அப்ப இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேலை இருக்கு என்றார், அன்றிலிருந்து அது எங்கள் திருவிழா, தோளில் துண்டைப் போட்டுக்கொள்வார், வீட்டு ஆம்பளை வந்தாச்சு, எல்லாரும் திரும்பி நில்லுங்க என்பார், நான் திரும்புகிறேன், பிறகு நானும் தாரிணியும் திரும்புகிறோம், பிறகு செழியனும் சேர்ந்துகொள்கிறான், மூன்று பேரும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி நிற்க, தாரிணி கண்ணையும் பொத்திக்கொள்வாள், டொக், உடனே செழியன் துள்ளுவான், திரும்பலாம் என்பார், திரும்பினால் மூடி தனியாக, காய் தனியாக, அவர் பெரிய காரியம் செய்தவர் போலக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு. இத்தனை வருஷத்தில் நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை, ஆபீசில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிறவள், பனியில் தனியாகக் கார் டயர் மாற்றியவள், என் சொந்தச் சமையலறையில் பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பயமா என்றால் பயமில்லை, நம்பிக்கையா என்றால் அதுவும் இல்லை, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அதுதான் காரணமாக இருக்க வேண்டும், அப்போது அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதையும் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

வண்டி நிற்கிறது, இறங்குகிறோம், கொடியெல்லாம் உறைபனியில் கருகிப் படுத்துவிட்டது, இலைக்கு அடியில் ஒளிந்திருந்த காய்களெல்லாம் இப்போது வெட்டவெளியில் கிடக்கின்றன, செழியன் ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்து, உள்ள யாரு என்று கேட்டுக்கொண்டே போகிறான், ஒரு காய் பதில் சொல்லியதாகச் சாதிக்கிறான், என்ன சொல்லுச்சு என்கிறேன், இங்லீஷ்ல சொல்லுச்சு, சரியாக் கேக்கல என்கிறான். தாரிணி போன வருஷம் வரை உருண்டையாக, பளபளப்பாக, போட்டோவுக்கு அழகாக இருப்பதைத்தான் தேடுவாள், இந்த வருஷம் வேறு மாதிரி தேடுகிறாள், குனிந்து கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்துகிறாள், தடம் விழுந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாள், காம்பைத் தொட்டுப் பார்க்கிறாள், இதெல்லாம் எங்கே கற்றாள் என்று வியப்பாக இருக்கிறது, பார்த்தால் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற பண்ணைக்கார அம்மாவிடம் போய் முன்பே விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள், நகம் இறங்காத தோலும் நீளக் காம்பும் உள்ள காயாப் பாரு என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார், கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள், ஒரு பக்கம் மண்ணில் கிடந்து வெளுத்து, கோணலாக, மருக்களோடு, இதுவா என்றேன், இதுதான் என்றாள், காம்பப் பிடிச்சுத் தூக்காதே, ஒடஞ்சா கெட்டுடும் என்று தம்பியை அதட்டினாள், இருவரும் அடியில் கை கொடுத்துத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். யாரோ ஒரு பெண், எல்லாரையும் சேர்த்து எடுக்கட்டுமா என்று என் போனை வாங்கினாள், மூவரும் நின்றோம், இன்னும் யாராவது வர வேண்டுமா என்று அவள் கேட்டாள், கேட்டது சாதாரணமாகத்தான், நான் இல்லை என்ற அதே நேரத்தில் தாரிணி ஆமாம் என்றாள்.

திரும்பும் வழியில் காரில் செழியன் தூங்கிவிட்டான், எதுக்குடி அவ்வளவு கெட்டியான காயாத் தேடினே என்று கண்ணாடி வழியாகக் கேட்டேன், அவள் மடியிலிருந்த பூசணிக்காயைத் தடவிக்கொண்டே, இது ரொம்ப நாள் கெடாதாம்மா, வெட்டாம குளிர்ச்சியா வெச்சிருந்தா கிறிஸ்மஸ் தாண்டியும் இருக்குமாம், அதுக்குள்ள அப்பா ப்ராஜெக்ட் முடிஞ்சிடும்ல என்றாள். நான் சிக்னலில் நின்றேன், பச்சை விழுந்தும் நின்றேன், பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், சொல்ல வேண்டிய இடம் அதுதான், வாயைத் திறந்தேன், பசிக்குதா என்று கேட்டேன்.

வாசற்படியில் வைத்தோம், தெருவெங்கும் ஹாலோவீனுக்காகக் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிகள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எங்களுடையது மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தினமும் பள்ளிக்குப் போகும்போது தாரிணி நகத்தை அழுத்திச் சோதிப்பாள், நல்லா இருக்கு என்பாள், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவிடம் அதைக் காட்டினாள், உங்களுக்காக வெச்சிருக்கேன் என்றாள், அவர் ரொம்ப அழகா இருக்கு கண்ணு என்றார், என்னைப் பார்க்கவில்லை, எப்போது வருகிறேன் என்றும் சொல்லவில்லை, அந்த முகத்தில் ஒரு நொடி என்னவோ தெரிந்தது, எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்து துணி மடிக்கப் போய்விட்டேன். ஹாலோவீன் அன்று பள்ளி விட்டு வருகிறோம், ஒரு கொழுத்த அணில் எங்கள் காயின் மேல் உட்கார்ந்து மேல்புறத் தோலைக் கரண்டிக்கொண்டிருக்கிறது, தாரிணி பையைப் போட்டுவிட்டு ஓடினாள், அணில் வேலி தாண்டிவிட்டது, காயில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம், முழுதாக உள்ளே போகவில்லை, ஆனால் தோல் போய்விட்டது, அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், செழியன் பள்ளத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த அணில் ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

சமையலறை மேடையில் அதை வைத்தேன், நீளக் கத்தியை எடுத்தேன், நீ வெட்டக் கூடாது என்றாள் தாரிணி, தோல் போயிடுச்சுடி, இனிமே தாங்காது, அழுகிடும் என்றேன், டேப் ஒட்டலாம், ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், நீ வெட்டக் கூடாது, நீ வெட்டினா, என்று நிறுத்திவிட்டாள், பிறகு, நீ வெட்டினா அப்பா வர மாட்டார்னு அர்த்தம் என்றாள். கத்தியைக் கீழே வைத்தேன், தரையில் உட்கார்ந்தேன், அவள் முகத்துக்கு நேராக என் முகம் வந்தது, எத்தனை மாதமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள், ஒன்றுகூட வரவில்லை, அப்பாவுக்கு அங்க ப்ராஜெக்ட் இல்ல கண்ணு, அப்பா இனிமே அங்கதான் இருப்பார், நானும் அப்பாவும் சேர்ந்து இருக்கப் போறதில்ல, உங்க ரெண்டு பேரையும் பாக்க வருவார், கூட்டிட்டுப் போவார், பூசணிக்காய் வெட்ட வர மாட்டார் என்றேன், அவ்வளவுதான், பக்குவமாகச் சொன்னேனா என்று தெரியாது, செழியன், அப்ப யாரு வெட்டுவா என்றான், நான் என்றேன், நீ பொம்பளையாச்சே என்றான், ஆமா என்றேன். தாரிணி அழவில்லை, எனக்குத் தெரியும் என்றாள், எப்பவோ தெரியும், நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன் என்றாள், சொல்லிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டி பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை, கையிரண்டையும் தொங்கவிட்டு, கதவுக்கு வெகு அருகில் நின்றாள்.

எழுந்தேன், கத்தியை எடுத்தேன், காம்பைச் சுற்றி எங்கே இறக்குவது என்று தெரியவில்லை, யாரும் எனக்குக் காட்டியதில்லை, நகம் இறங்காத தோல் கத்திக்கு மட்டும் இறங்குமா, இரு கையாலும் பிடித்து அழுத்தினேன், வழுக்கியது, மறுபடி அழுத்தினேன், டொக், அந்தச் சத்தம் காதில் மட்டுமல்ல, கைவழியாக முழங்கை வரைக்கும் வருகிறது, அதை இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை, அப்பா ஏன் மூச்சைப் பிடித்தார் என்றும் இப்போதுதான் தெரிகிறது, கத்தி அவ்வளவு இறுக்கமாக மாட்டிக்கொள்கிறது, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன், மெல்லிய ஒரு பிளவு, அதிலிருந்து மழை பெய்த மண்ணும் வெள்ளரியும் கலந்த ஒரு வாசனை, செழியன் நாற்காலியில் ஏறி ஒற்றைக் கண்ணைப் பிளவில் வைத்தான், இருட்டு என்றான், என் போனை வாங்கி விளக்கைப் போட்டுக் கிட்டே பிடித்துப் பார்த்தான், ஆரஞ்சு என்றான், அணைத்தான், இருட்டு, போட்டான், ஆரஞ்சு, அம்மா, ரெண்டும்தான் என்றான், கேள்வி தீர்ந்த நிம்மதியில் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் கத்தியைச் சுற்றிலும் கொண்டுபோய் வட்டத்தை முடித்தேன், நெற்றி வியர்த்துவிட்டது, மூடி தனியாகக் கழன்று, ஆனால் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான் பாக்கி, தூக்கப் போகிறேன், உள்ள என்ன இருக்கு என்று தாரிணி குளிர்சாதனப் பெட்டியிடம் கேட்கிறாள். காய்தான் இருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கினேன், எனக்கும் தெரியாதுடி, நானும் இதுவரைக்கும் பாத்ததே இல்ல, மூடியத் திறக்காம வெச்சிருக்கேன், வந்தா சேர்ந்து பாக்கலாம் என்றேன், அவள் முதுகு அப்படியே நிற்கிறது, காலண்டர் இல்லை, ஊறுகாய் இல்லை, வெள்ளைக் கதவுதான், நான் காம்பின் மேல் கையை வைத்தபடி நிற்கிறேன், எவ்வளவு நேரமானாலும் நிற்பேன், செழியன் போனில் விளக்கைப் போட்டுத் தயாராகப் பிடித்திருக்கிறான், தாரிணி திரும்புகிறாள்.