ஆறடி குறைந்த வாசல்

இரண்டு பலகைகளையும் வாசற்படிகளின் மேல் சாய்த்துவிட்டு ஆணிக்கடைக்காரர் தள்ளி நின்று பார்த்தார். ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறடிப் பலகை. சாய்தளம் என்று சொல்ல வாய் வரவில்லை. சறுக்குமரம் என்றால் பொருந்தும். உள்ளே கட்டிலில் கிடக்கும் அத்தான் இதைப் பார்த்தால், எழுந்து வந்து திட்டிவிட்டுத்தான் மறுபடி படுப்பார்.

கீழே சக்கர நாற்காலியில் நூலகர் காத்திருந்தார். நூலகத்துக்கு அத்தான் சாய்தளம் போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்த அம்மாள் அங்கே வேலைக்கே போக முடிந்தது. நான்கு மணிக்கு அமரர் ஊர்தி வந்துவிடும். இப்போதே மூன்றேகால்.

"நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம்மா," என்றார் அத்தானின் பெரியப்பா.

"வேணாங்க ஐயா. இருபது வருஷமா என்னை யாரும் தூக்கினதில்ல. அவர் வீட்டு வாசல்லயா தூக்கணும்? மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தது. பரவால்ல, இங்கேயிருந்தே கும்பிட்டுக்கறேன்."

பேரத்துக்கு இடமில்லாத ஒரே விலைக் கடையின் குரல் அது. ஆணிக்கடைக்காரருக்கு அந்தக் குரல் பழக்கம்.

ஊருக்கெல்லாம் சாய்தளம் வைத்தவர் வீட்டில் மூன்று படி. வாத்தியார் பிள்ளை மக்கு என்று அக்காவே குத்திக்காட்டுவாள். ஒன்றரை அடி ஏறப் பதினெட்டடி வேண்டும். வாசலில் இருந்ததோ பன்னிரண்டு. மடக்கித் திருப்பலாமென்றால் பக்கத்து வீட்டுச் சுவர். அத்தான் பதினோரு முறை வரைந்தார், பதினோரு முறையும் கிழித்தார். "தப்பான சரிவு படியைவிடப் பொல்லாதது மச்சான். படியாவது வராதேன்னு சொல்லிடும். இது வா வான்னு கூப்பிட்டுக் கவுத்துடும்."

அந்த மனிதரிடம் ஆணிக்கடைக்காரர் ஒரே ஒருமுறை பேரம் பேசியிருக்கிறார். கடை வாசலில் ஓரடி உயரம், பன்னிரண்டடி சரிவு என்றார் அத்தான். "எட்டுல முடிங்க அத்தான். சொந்தத்துக்குள்ள என்ன கறார்?" மறுநாள் அத்தான் எட்டடிப் பலகையோடும் ஒரு சக்கர நாற்காலியோடும் வந்து, மச்சானை அதில் உட்காரவைத்து, "ஏறு," என்றார். பாதி வழியில் நாற்காலி பின்னுக்கு உருண்டு, வாசலில் அடுக்கியிருந்த பெயிண்ட் டப்பாக்களுக்குள் போய் நின்றது. எழுந்ததும் ஆணிக்கடைக்காரர் சொன்ன முதல் வார்த்தை: "பன்னெண்டு." அதற்குப் பிறகு சுமைவண்டிக்காரரும் குழந்தை வண்டி தள்ளி வரும் தாயும் அந்தத் தெருவில் அவர் கடையைத் தவிர வேறு கடைக்கு ஏறியதில்லை. தோற்று லாபம் பார்த்த பேரம் அது ஒன்றுதான்.

புதுக் கட்டடம் திறக்கும்போது எல்லாரும் வந்தவர்களைப் பார்ப்பார்கள். அத்தான் மட்டும் வராதவர்களைத் தேடிக்கொண்டு நிற்பார்.

ஆணிக்கடைக்காரர் பலகைகளை எடுத்து ஓரம் போட்டார். உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, அவங்க மேல வர வழியில்ல. அத்தானைக் கீழ கொண்டுபோயிடலாமா?"

பெரியப்பா முந்திக்கொண்டார். "நாலு மணிக்கு எப்படியும் இறக்கத்தானே போறோம்? அதுக்குள்ள தெருவுல போறவன் வர்றவன் பாக்க வைக்கணுமா? ஒருத்திக்காகவா?"

"ஒருத்தர் வர முடியலன்னுதான் மாமா அவர் ராவெல்லாம் வரைஞ்சார்," என்றாள் அக்கா. எழுந்து, தலைமாட்டைத் தானே பிடித்தாள்.

படிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த, அத்தானின் நீள வேலை மேசை மேல் அவரைக் கிடத்தினார்கள். நூலகர் நாற்காலியை உருட்டி வந்தார். மேசையின் முன்பக்கத்தை மறைத்த பலகையில் முழங்கால் இடித்தது. முகம் இன்னும் ஒரு கை தூரத்துக்கு அப்பால்.

"ஒரு நிமிஷம்மா." ஆணிக்கடைக்காரர் தரையில் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த திருப்புளியால் ஆறு திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இழுத்தெடுத்தார்.

நாற்காலி உள்ளே போனது. முழங்கால்கள் மேசைக்கடியில் அடங்கின. நூலகர் கையை நீட்டி, அத்தானின் மடங்கியிருந்த சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். பிறகு கையை எடுக்கவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை.

பெரியப்பா குனிந்து, நாற்காலி திரும்பும் வழியில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்.