வீரகத்தியார் விளையாட வந்த மத்தியானங்கள்

செத்து மூன்று வருஷமான வீரகத்தியார் நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் இருந்து கரம் போர்ட் விளையாடி, தன்னை ஒரு காய்கூடப் போடவிடாமல் தோற்கடித்துவிட்டுப் போனார் என்று அவருடைய பெண்சாதி வசந்தாதேவி அமிர்தகழி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முகைதீன்பாவா படலையடியில் தராசைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"அப்ப இண்டைக்கு மூணு பேருக்கு மீன் போடட்டா, அக்கா?"

"ரெண்டு பேருக்குப் போடுங்க. அவர் வந்தா விளையாட்டு மட்டுந்தான். சாப்பாட்டுக்கு நிக்கமாட்டார்."

"உசிரோட இருக்கக்குள்ள சாப்பாட்டுக்கு மட்டுந்தானே வீட்டுக்கு வந்தவர்."

வசந்தாதேவி சிரித்துக்கொண்டே மணலை மீனைச் சட்டியில் வாங்கினாள். தபால் கந்தோரில் வேலை செய்த காலமெல்லாம் அடக்கி வைத்திருந்த பேச்சு, பென்சனோடு சேர்ந்து வரத் தொடங்கியிருந்தது. போன மாரியில் வாவித் தண்ணீர் வளவுக்குள் ஏறியபோது ஒரு முதலை படலையைத் தட்டி, மரியாதையாக வழி கேட்டதென்று சொன்னவள் அவள். ஆகவே செத்த புருஷன் கரம் விளையாடியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவளே எடுக்கவில்லை.

ஆனால் காய்கள் நகரத்தான் செய்தன. நகர்த்துகிற கள்ளன் யாரென்று தனக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கள்ளனுக்கு எட்டு வயது. பெயர் நிதுர்ஷன். அவளுடைய தம்பி சுபாகரனின் மகன். பள்ளிக்கூட லீவுக்குக் களுதாவளையிலிருந்து வந்தவன். பிள்ளை பிறக்காத அந்த வீட்டுக் கூரை, அவன் வந்த அன்றே ஒரு முழம் உயர்ந்துவிட்டதென்று வசந்தாதேவி சொன்னாள். அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

காலையில் இரண்டு பேரும் இறால் உரித்துக்கொண்டே பொய் சொல்லிப் போட்டி போடுவார்கள்.

"உன்ட வயசில நான் ஒரு நண்டு பிடிச்சனான் மனே. இந்தக் கிணத்து வாயளவு."

"எங்கட ஊர்ல ஒரு நண்டு வந்தது மாமி. அந்தக் கிணத்தையே தூக்கிட்டுப் போயிட்டு."

இறால் கையோடு அவனை இழுத்து அணைத்துக்கொள்வாள். தம்பியின் மூக்கு, தம்பி பெண்சாதி உசாந்தியின் கண், ஆனால் வாய் முழுக்கத் தன்னுடையது. இப்படி ஒரு வாரிசு இருக்கும்போது தனக்கென்ன குறை என்று நெஞ்சு நிறைந்துபோகும். மாமாங்கேஸ்வரர் கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அவனைக் கூட்டிப்போய், கச்சானும் பலூனும் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். பிதிர்க்கடன் செய்ய வீரகத்தியாருக்குப் பிள்ளை இல்லை. மருமகனாவது அன்றைக்குக் கோயில் குளத்தங்கரையில் நிற்கட்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை.

இறால் வேலை முடிந்ததும் கரம். வீரகத்தியாரின் பலகை அது. மத்தியானம் ஆனதும் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மாமி மீன் பொரிக்கக் குசினிக்குப் போவாள். மருமகன் குளிக்கக் கிணற்றடிக்குப் போவான். திரும்பி வந்து பார்த்தால் பலகையில் ஒரு காய் குறைந்திருக்கும். முதல் நாள் ஒரு வெள்ளை. அடுத்த நாள் சிவப்பு, தூரத்து மூலைக் குழியில். வீரகத்தியார் வழக்கமாகப் போடுகிற அதே குழியில்.

"மாமா வந்திட்டுப் போயிருக்கார் மனே," என்றாள்.

"ஓம் மாமி. வந்திட்டார்," என்றான் அவன், சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு.

என்ன நடிப்பு என்று அவள் பூரித்துப்போனாள். பொய்யில் இவன் தன்னையும் விஞ்சிவிடுவான்.

மறுநாள் மத்தியானம் கோயில் லவுட்ஸ்பீக்கர் ஓய்ந்திருந்தது. குசினியில் எண்ணெய் கொதிக்க, கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. கூடவே விறாந்தையிலிருந்து இன்னொரு சத்தம்.

டொக், டொக்.

வீரகத்தியார் கல்முனை ரோட்டில் ஓடிய பஸ்ஸில் கொண்டக்டர். பஸ்ஸின் தகரத்தில் அவர் இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம், ஒரு தட்டுத் தட்டினால் நில். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. கரம் விளையாடும்போது தன் முறை முடிந்ததும் பலகை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். இனி நீ போ என்று அர்த்தம்.

பொடியன் நல்லாத்தான் தட்டுகிறான் என்று சிரித்தபடி மீனைத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது.

இந்தத் தட்டைப் பற்றி இவனுக்கு எப்போது சொன்னேன்?

புருஷனைப் பற்றி ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறாள். இந்த உண்மையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. ஊருக்குக் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். மீன் கருகி மணத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. எப்போதாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேன் என்று தன்னைத்தானே சமாளித்தாள்.

அடுத்த நாள் பகல் உசாந்தி வந்து இறங்கினாள். நிதுர்ஷனின் அம்மா, கணித ஆசிரியை, கண்ணால் கண்டதையும் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நம்புகிறவள். பள்ளிக்கூடக் காலத்தில் வீரகத்தியாரை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு அவருடைய பஸ்ஸிலேயே தினமும் போய் வந்தவள். அந்தப் பஸ்ஸில் வைத்துத்தான் அவர் இவளை மைத்துனன் சுபாகரனுக்குப் பார்த்தார்.

"பிள்ளைக்குச் சொல்ல வேற கதை கிடைக்கல்லையா மச்சாள்? போன்ல சொல்றான், மாமா வாறாராம், கரம் அடிக்கிறாராம்."

"என்னகா உசாந்தி, வந்ததும் வராததுமா. இரி, தேத்தண்ணி குடி."

"இருக்க வரல்ல. கூட்டிட்டுப் போக வந்தனான். இனி லீவுக்கும் இஞ்ச விடமாட்டன்."

வசந்தாதேவி தேத்தண்ணிக்கு எடுத்த கோப்பையைக் கீழே வைத்தாள். இனி எந்த லீவுக்கும் இல்லை. இறால் சட்டிக்கு எதிரே அவன் குந்தியிருந்த பலகைக்கட்டை வெறுமனே கிடக்கும். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல்தரம், தான் சொன்னது பொய்யென்று ஒத்துக்கொண்டாள். அதுவும் பொய்யாகவே.

"நான்தான்கா காயைத் தள்ளினன். பிள்ளையச் சிரிக்க வைக்க. இனிச் செய்யமாட்டன். தீர்த்தம் மட்டும் நிக்கட்டும்."

"கேட்டியா?" என்றாள் உசாந்தி மகனிடம்.

"எனக்குத் தெரியுமே," என்றான் நிதுர்ஷன். "மாமிதான் எண்டு முதல் நாளே தெரியும். மாமிக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் நானும் வந்திட்டார் எண்டு சொன்னன்."

வசந்தாதேவி மெதுவாக அவனைப் பார்த்தாள்.

"நீ தள்ளல்லையா மனே?"

"நான் கிணத்தடியில எல்லோ. வாளிச் சத்தம் கேட்டிருக்குமே."

கேட்டிருந்தது. வாளியும் கேட்டது, மற்றதும் கேட்டது, ஒரே நேரத்தில்.

"டொக் டொக் எண்டு தட்டுறதும் நீங்கதானே மாமி?"

அவள் விறாந்தைக் கட்டின்மேல் இருந்துவிட்டாள். இத்தனை நாளும் பொரித்த மீனோடு சிரித்துக்கொண்டு வந்தவள், யார் இருந்து எழும்பிப்போன பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள்?

"போதும் ரெண்டு பேர்ர நாடகமும்," என்று உசாந்தி பையைத் தூக்கினாள். "நட மகன்."

மூன்று பேரும் முற்றத்தில் இறங்கினார்கள். உச்சி வெயில். லவுட்ஸ்பீக்கர் ஓய்ந்து கிடந்தது. வாவியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கரையில் நின்ற கண்ணா மரத்தில் ஓர் இலை அசையவில்லை. நிதுர்ஷன் இரண்டடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி வசந்தாதேவி பின்னால் நடந்தாள். உசாந்தி படலையைத் திறந்து, ஒரு காலை வெளியே வைக்கத் தூக்கினாள்.

ஆளில்லாத விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

டொக்.

ஒன்றுதான்.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பிறகு, வைக்கப்போன இடத்தில் வைக்காமல், எடுத்த இடத்திலேயே திரும்ப வந்து ஊன்றியது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்காலியில் பலகை. அதன் நடுவில் காலையில் விட்ட காய்கள். அடிக்கிற பெரிய காய் மட்டும் விளிம்பில் ஏறி இருந்தது, ஒரு விரல் இப்போதுதான் அதை விட்டதுபோல.

வசந்தாதேவி மருமகனை இழுத்துத் தன் சேலைக்குள் பொத்திக்கொண்டாள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு இப்போது அது பொய்யாகப் போனால் போதுமென்றிருந்தது.

"பல்லியாக்கும்," என்றாள். "வெயிலுக்குப் பலகை வெடிச்சிருக்கும். கூட்டிட்டுப் போ புள்ள, பஸ்ஸுக்கு நேரமாகுது."

உசாந்தி அசையவில்லை. விறாந்தையையே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த பையை மணலில் மெல்ல இறக்கி வைத்தாள். படலையைச் சாத்தினாள்.

"தீர்த்தம் முடியட்டும். நானும் நிக்கிறன்."

"பல்லிதான்கா அது."

"பல்லி இல்ல மச்சாள்," என்றாள் உசாந்தி. "ஒற்றைத் தட்டு. அண்ணன்தான் நிப்பாட்டினவர். எனக்குக் கேட்டது."