சூட்டு வலி

என் மாமியார் பவுனம்மாளுக்கு எல்லா வலியும் சூட்டு வலிதான். மாசமாயிருப்பவளுக்கு மாதம் நிறையும் முன் இடுப்பு வலித்தால், "பிள்ளை வலி இல்ல, உடம்புச் சூடு" என்று சீரகத்தைக் கொதிக்க வைத்து நீட்டிவிடுவார். போன முறை நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். மூன்றாம் நாள் குறைமாதத்தில் பிறந்த பையன் ஒரு பகல்கூட இருக்கவில்லை. சிறுநீரகத்தில் பிடித்த கிருமியால் காய்ச்சல் ஏறி, நஞ்சுக்கொடியும் அழற்சி கண்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. அத்தைக்கு அது காதிலேயே ஏறவில்லை. எனக்கு ஏறியது.

இந்த முறையும் ஏழாம் மாதம். ரங்கூனில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே, முதுகில், அதே குத்தல். வீடு வருவதற்குள் குளிர் உதறியது. அத்தை தம்ளரோடு வந்து நின்றார்.

"சூட்டு வலிதான் சத்யபாமா. குடி."

"சூட்டு வலி வந்து வந்து போகும் அத்தை. இது ஒரே பக்கமா நிக்குது. ஒண்ணுக்குப் போனா எரியுது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நாலு பெத்தவ சொல்றேன், கேக்க மாட்டியா?"

"நானும் ஒண்ணு பெத்தவதான்."

நீட்டிய தம்ளரை அத்தை தாழ்த்திக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. தெருமுனையில் சைக்கா ரிக்‌ஷாவில் ஏறினேன். பின்னாலேயே ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார், கையில் அந்தத் தம்ளரோடு.

சிறுநீரைச் சோதித்த உடனே டாக்டரம்மா படுக்க வைத்துவிட்டார். நான்கு நாள் நரம்பில் மருந்து ஏறியது. இன்னும் கடத்தியிருந்தால் போன முறை மாதிரி நஞ்சுக்கொடியிலும் கிருமி ஏறி, பிரசவ வலியே எடுத்திருக்கலாம் என்று அவர் பர்மியில் சொன்னதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அத்தை கேட்டார்: "நஞ்சுக்கொடிக்குப் பர்மியில என்ன சொல்லுவாங்க?"

"அச்சின்."

அச்சின், அச்சின் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு மாதாமாதம் சிறுநீர்ச் சோதனைக்கு அவரே என்னை விரட்டினார். மாதம் நிறைந்து, பிள்ளை வீறிட்டு அழுதபடி வந்தது. நர்ஸ் அதை வெளியே எடுத்துப் போனாள். என் கணவர் முரளிதரன் வாயைத் திறப்பதற்குள் அத்தையின் குரல் கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"அச்சின் கௌங் லா? நஞ்சுக்கொடி நல்லாருக்கா?"

"கௌங் தே, அமே," என்று நர்ஸ் சிரித்தாள். நல்லாயிருக்கிறதாம்.

ஆணா பெண்ணா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.