டச்சும் தெலுங்கும் பேசும் ஊர்கள்

1943 ஆடி மாதம், ஜப்பானியர் பிடித்திருந்த மலாய் நாடு. ஜப்பானியத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை என்று அறிவிப்பு வந்ததும், அந்த வேலை தனக்குத்தான் என்று காஜா பேராங்கில் குடியிருந்த தேவதாஸ் தானே முடிவு கட்டிவிட்டார். மாதம் ஒரு மூட்டை அரிசி. அவர் வீட்டில் மனைவி கோகிலா மூன்று மாதமாக மரவள்ளிக் கிழங்கைத்தான் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

தேவதாஸுக்குத் தமிழ், மலாயோடு டச்சும் தெரியும். சுமத்ராவின் மேடானில், புகையிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக எட்டு வருஷம் இருந்து கற்றது. போட்டிக்கு வந்தவன் பக்கத்து வீட்டுச் சுப்பையன். சாலை போடுகிறவன், வீட்டில் பேசுவது தெலுங்கு.

"தெலுங்கு எங்கேப்பா பேசுறாங்க? மதராஸுக்கு வடக்கே ஒரு துண்டு, நைஜாம் சீமையில ஒரு துண்டு," என்றார் தேவதாஸ், குழாயடியில் எல்லார் முன்னாலும். "டச்சு அப்படியா? ஒல்லாந்து, ஜாவா, சுமத்ரா, அந்தக் கோடியில சுரினாம். பூமியையே சுத்தி வரலாம்."

"சுத்திட்டு வாங்க கிராணியாரே. வர்றப்போ கொஞ்சம் அரிசி வாங்கிட்டு வாங்க," என்றான் சுப்பையன்.

குழாயடியே சிரித்தது.

அலுவலகத்தில் அதிகாரி கேட்டதைத் தைவான்காரக் குமாஸ்தா மலாயில் சொன்னான். டச்சு எங்கே பேசப்படுகிறது? தேவதாஸ் பட்டியலை ஒப்பித்தார்.

"ஜாவாவிலும் சுமத்ராவிலும் அதைத் தடை செய்துவிட்டோம். ஒல்லாந்து எதிரி நாடு. சுரினாமில் எங்களுக்கு வேலை இல்லை."

சுப்பையனிடமும் அதே கேள்வி. அவன் வரைபடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பாகான் டத்தோ தென்னந்தோட்டங்களில் தன் இரண்டு அக்காமாரும் இருப்பதைச் சொன்னான்; அங்கே எந்தத் தொழிலாளர் லயத்தில் எந்தத் தெலுங்குக் குடும்பம், ஆண்கள் எத்தனை பேர் என்று சொல்லிக்கொண்டே போனான். அதிகாரி பென்சிலை எடுத்தார். வேலை அவனுக்கு.

வாசலில் குமாஸ்தா தேவதாஸின் காதோடு சொன்னான்: "உனக்கு நல்ல காலம். ஆட்களோடு மொழிபெயர்ப்பாளனும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகிறான். போனவர்கள் திரும்புவதில்லை."

அதை இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் மனம் கேட்காமல் போனார்.

"சுப்பையா, இந்த வேலை வேணாம். உன்னையும் சயாமுக்கு ஏத்திடுவாங்க."

சுப்பையன் மனைவி பொன்னம்மா அகப்பையோடு திரும்பினாள். "நேத்து வரைக்கும் எங்க பாஷைக்கு ஊரே இல்லேன்னீங்க. இன்னிக்கு சயாம் வரைக்கும் கொண்டு போறீங்களேண்ணே!"

"வயித்தெரிச்சலுக்கு மோர் நல்லது, கிராணியாரே," என்றான் சுப்பையன்.

'வா, அந்தக் குமாஸ்தாவையே கேட்போம்' என்பது தேவதாஸின் நாக்கு நுனிவரை வந்தது. வாயிலிருந்து விழுந்ததோ வேறு. "போ, போ. தெலுங்கு தெரிஞ்சவன்தானே, எங்கேயும் பொழச்சுக்குவே."

கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "குமாஸ்தா வாயால கேட்டா நம்புவாரு. கூட்டிட்டு வாங்களேன்," என்றாள் அவள். நாளைக்கு, என்றார்.

திங்கட்கிழமை காலை லோரி வந்து நின்றது. சுப்பையன் புதுச் சட்டையில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தேவதாஸ் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "இப்பவாவது போங்க," என்றாள் கோகிலா. மேடானில் தான் ஒருநாளும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லோரி முனை திரும்பி மறைந்தது. அதன்பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"எங்கே?"

"குமாஸ்தாவைப் பார்க்க."

கோகிலா கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.