இருபதாவது பிலிம்

செந்தாமரை மேடம் விரல்விட்டு எண்ணினார்.

"நாலு செமஸ்டர் தாளும் பாஸ். வருகைப்பதிவு எழுபத்தஞ்சுக்கு மேல. லேப் தேர்வு முடிஞ்சுது. கருத்தரங்குல ஒரு கட்டுரை படிச்சாச்சு. இனி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் வைவாவும்தான். அப்புறம் நீ எம்.எஸ்ஸி. அப்ளைடு பிசிக்ஸ். என் தலைவலியும் விடும்."

பூபாலன் தலையாட்டினான்.

"தலையாட்டினா? அட்டவணையில இருபதாவது வரி ஏன் காலியா கெடக்கு?"

ஜவ்வாது மலையின் மண்சுவர் வீடுகளில் ரேடான் எவ்வளவு தேங்குகிறது என்பது அவன் ப்ராஜெக்ட். பாறையிலிருந்து கசியும் வாயு. நிறமில்லை, மணமில்லை. ஒரு பிளாஸ்டிக் கப்புக்குள் நகத்தளவு சிவப்பு பிலிமை ஒட்டி, வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் உத்திரத்தில் தொங்கவிட வேண்டும். தொண்ணூறு நாள். வாயு பிலிமில் தடம் விடும். சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால் அந்தத் தடங்கள் துளைகளாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் எண்ணிக்கொள்ளலாம். இருபது வீடு, இருபது பிலிம், வீட்டுக்காரர் கையெழுத்து இருபது.

"ஏழு மாசமா தொங்குது மேடம். தொண்ணூறு தாண்டிடுச்சு."

"கூடினா பரவாயில்ல, வகுத்துக்கலாம். குறையத்தான் கூடாது. நாளைக்கு சாயந்திரம் அஞ்சுக்குள்ள பிலிம் என் கைக்கு வரணும். நாளன்னிக்கு ரிப்போர்ட் போகணும். உனக்கு இதுதான் கடைசி வருஷம், தெரியும்ல? இதை விட்டா பல்கலைக்கழகத்துல எவன் காலைப் பிடிச்சாலும் நடக்காது." அவர் குரலைத் தாழ்த்தினார். "யார் வீடு அது?"

"என் மாமனார் வீடு மேடம்."

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெளியே குணசீலன் காத்திருந்தான். அவனோடு படித்தவன், அறைத்தோழன். "ஒரு பிலிமுக்கு இந்தப் பாடா? புதுசு ஒண்ணை எடு, மாமியார் கையெழுத்தை நீயே போடு. ரெண்டு வருஷமா என் ரெக்கார்டைப் பார்த்துத்தானடா எழுதுன, இது வராதா?"

"வைவாவுக்கு வெளியிலேர்ந்து வர்றவரு பிலிமை மைக்ரோஸ்கோப்ல வைப்பாரு."

"அப்ப போய் எடுத்துட்டு வா. மாமியார் வூடுதான, புலிக்குகையா?"

மறுநாள் காலை போளூரில் மலை பஸ் ஏறினான். மனைவி நதியாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு நதியா தாய் வீட்டிலிருந்து போன் செய்தாள். ஆறாம் மாதம் அவளுக்கு.

"வயிறு இழுத்துப் புடிக்குது. வர்றியா?"

"சூட்டு வலியா இருக்கும். மோர் குடி. ஒரு மணிக்குப் பரீட்சை முடிஞ்சதும் வர்றேன்."

மூன்று நிமிடம் பேசினார்கள். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுத் தேர்வறைக்குள் போனான். குவாண்டம் இயக்கவியல், அரியர் தாள். அறுபத்தோரு மதிப்பெண் வாங்கினான். ஒரு மணிக்கு அவன் போனைத் திறந்தபோது நதியாவை ஏற்றிய ஜீப் மலை இறங்கிக்கொண்டிருந்தது. போளூர் வந்து சேர்வதற்குள் ரத்தப்போக்கில் போய்விட்டாள்.

அந்தப் போனைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய போன் அந்த வீட்டில்தான் இருக்கிறது. யாராவது திறந்து பார்த்திருந்தால்? மாமனார் தசரதன் கோபக்காரர். ஒரு முறை ஆடு மேய்ந்த தகராறில் பக்கத்து நிலத்துக்காரனைக் கத்தியோடு துரத்தியவர்.

மேல்புங்கம்பட்டி நிறுத்தத்தில் இறங்கும்போது நடத்துநர் நினைவுபடுத்தினார். "மூணரை வண்டிதான் கடைசி சார். அதை வுட்டா நாளைக்குக் காலையிலதான்."

வீட்டு முன்னால் மாமியார் மாணிக்கம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டையடிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அவனைப் பார்த்ததும் நின்றுபோனது. அவள் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த புளியங்கொட்டைகள் தரையெல்லாம் சிதறின.

"வாங்க மாப்ளே." கண்ணைப் பார்க்கவில்லை.

தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

"மாமா இல்லீங்களா அத்தே?"

"வேலிக்கு முள்ளு வெட்டப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"அந்தக் கப்பை எடுத்துக்கினு போலாம்னு வந்தேன். மூணரை பஸ்ஸுக்குப் போகணும். பரீட்சைக்கு வேணும்."

"கப்புக்குத்தானா?" அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "உள்ள வாங்க. நான் தொடவே இல்ல. சுத்திப் பெருக்குவேன், அவ்ளோதான். பக்கத்து வூட்டு வடிவேலு பொண்டாட்டி வந்து, 'இன்னாக்கா, கேமராவாமே'ன்னா. அடிப் போடி, கேமராவா இருந்தா எம் பொண்ணு அதுல தெரிவாளேன்னேன்."

உத்திரத்தில் கப் அப்படியே தொங்கியது. நதியா ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது. முடிச்சு அவள் போட்டது. அவிழ்க்க மனம் வராமல் கயிற்றை மேலே அறுத்தான். துணியைப் பிரித்தான். பிலிம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. டப்பாவில் போட்டு மூடி, தேதி எழுதினான். மணி இரண்டரை.

"இதுல ஒரு கையெழுத்து அத்தே."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, காகிதத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வந்து கேப்பீங்கன்னு தெனம் பயந்துக்கினே இருந்தேன் மாப்ளே."

"இன்னா கேப்பேன்?"

"ஏன் எனுக்கு ஒரு போன் பண்ணலன்னு. அன்னிக்குக் காலையிலேயே நதியா முணுமுணுன்னு வலிக்குதுன்னா. மாப்ளைக்குப் பண்ணுடின்னேன். அவருக்குப் பரீட்சை, மனசு கெடும், முடியட்டும்னா. அப்பன்கிட்டயும் சொல்லாதன்னா. நானும் கேட்டுக்கினு சும்மா இருந்துட்டேன். நானாவது பண்ணியிருக்கணும்ல? உங்க மாமாவும் இதையேதான் கேட்டாரு. அன்னியிலேர்ந்து என்னோட பேசறதில்ல. சோத்தைப் போட்டா துன்றாரு, எழுந்து போறாரு. ஏழு மாசம்."

மாணிக்கம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பிலிம் பையில் இருக்கிறது. நதியாவே அந்த அழைப்பை மறைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"பண்ணா அத்தே."

"யாரு?"

"நதியா. எனுக்குப் பண்ணா. ஒன்பது நாப்பதுக்கு. மூணு நிமிஷம் பேசுனா. வரச் சொன்னா. நான்தான் பரீட்சை முடிஞ்சி வர்றேன்னேன்."

வெளியே கோழி ஒன்று புளியங்கொட்டையைக் கொத்தும் சத்தம் கேட்டது.

"இன்னா சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவன் சொன்னான். மோர் குடிக்கச் சொன்னதையும் சொன்னான்.

"குடிச்சா," என்றாள். "என்கிட்ட கேட்டு வாங்கிக் குடிச்சா. உப்பு கூட போடும்மான்னா."

அவள் அழுவாள் என்று நினைத்தான். திட்டுவாள், காகிதத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தான். அவள் குனிந்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மாணிக்கம்மாளில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. மறுபடி பார்த்து இழுத்தாள். பிறகு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"கெளம்புங்க."

"அத்தே..."

"அவரு வர்ற நேரம். கையில கத்தி இருக்கும். இதை அவருகிட்ட சொல்லிடாதீங்க. எனுக்குப் பழகிப்போச்சு, இருந்துட்டுப் போறேன். பஸ்ஸு போய்டும். போங்க."

பூபாலன் வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டினான். நிறுத்தம் பதினைந்து நிமிட நடை. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். நாலு செமஸ்டர், அத்தனை தாள், வருகை, லேப், கருத்தரங்கு எல்லாம் அந்த டப்பாவில் இருந்தன. பாதையில் இறங்கி நாற்பது அடி நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். அவள் கட்டையை எடுத்துப் புளி தட்ட உட்கார்ந்திருந்தாள். தட்டவில்லை.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினான்.

"இன்னா மாப்ளே? எதையாச்சும் வுட்டுட்டீங்களா?"

"மாமா வரட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? பரீட்சை?"

"போவட்டும் அத்தே."

வாசலிலேயே உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் குடிக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு, நேரம் தவறி, பஸ் வளைவில் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது.

நாலரைக்கு ஓடைப் பக்கமிருந்து முள்கட்டு ஒன்று தனியே நடந்து வருவதுபோல் தெரிந்தது. அதற்கு அடியில் தசரதன். கட்டைத் தொப்பென்று போட்டார். இடுப்பில் வெட்டுக்கத்தி. வேர்வையைத் துடைத்தபடி மனைவியைத் தாண்டி அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, மாப்ளே! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? துன்னீங்களா?"

பூபாலன் எழுந்து நின்றான்.

"அத்தே மேல தப்பு இல்ல மாமா," என்று ஆரம்பித்தான்.