ஞாயிற்றுக்கிழமை விமானம்

பாபு கரண்டியை அப்பாவின் உதட்டோரம் சாய்த்தான். பால் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது. துண்டால் துடைக்கும்போது அவன் கண் தானாகவே கைக்கடிகாரத்துக்குப் போனது. பத்து இருபது. தலை நிமிர்ந்தால், எதிரே உட்கார்ந்திருந்த தங்கை வரலட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே வீட்ல வெச்சிப் பாத்துக்குங்க" என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், முனிரத்தினத்தைத் திங்கட்கிழமையே கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்த இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று வியாழன். நினைவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு விடியற்காலை சென்னையிலிருந்து பாபுவுக்கு விமானம்.

அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனான். மோட்டார் ஓடாத கிணற்றை எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

முப்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக இதே ஓட்டம்தான். திருப்பதியில் காலேஜ் படிக்கும்போது இடதுகைச் சுழல் போட ஆரம்பித்தான். சித்தூரில் ஒரு மேட்சில் ஆறு விக்கெட் எடுத்துவிட்டு எழுபது ரன்னும் அடித்த பிறகு அவன் பெயரைப் பெரிய இடங்களில் கேட்டார்கள். ஆந்திராவுக்காக ரஞ்சியில் இருபத்தெட்டு ஆட்டம். ஒருநாள் மூன்றாவதாக இறங்கச் சொல்வார்கள், அடுத்த ஆட்டத்தில் ஒன்பதாவதாக. எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே அவனை வைத்து அடைப்பார்கள். நல்ல பேட்ஸ்மேன் ஒருவனோ நல்ல பௌலர் ஒருவனோ கிடைத்துவிட்டால் இவனைத்தான் உட்கார வைப்பார்கள். சென்னையில் வேலை கொடுத்த கம்பெனியும் போன வருடம் தன் கிரிக்கெட் அணியைக் கலைத்துவிட்டது.

முனிரத்தினம் ஒருமுறை கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே கேட்டார். "நீ பந்து போடறவனா, அடிக்கறவனாடா?"

"ரெண்டும்தான் நைனா."

"அப்போ ரெண்டாள் கூலி குடுக்கறாங்களா?"

அப்படிக் கொடுக்கிற இடம் இப்போதுதான் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் கிளப். உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து ஆடுகிற அணி. கூலிக்கு ஒரே ஒரு ஆளை வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். அவன் பந்தும் போட வேண்டும், மட்டையும் பிடிக்க வேண்டும். பாதி பௌலர், பாதி பேட்ஸ்மேன் என்று இத்தனை வருடமாக எல்லாரும் குறையாகச் சொன்னதையே அவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

வரலட்சுமி கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

"ணா."

"இன்னா?"

"நைனாவ நீ பாக்கறது ஸ்கோர்போர்ட பாக்கற மாதிரி இருக்குது. இன்னும் எத்தினி ஓவர் பாக்கின்னு."

காலையிலிருந்து அவன் மனசு போட்டுக்கொண்டிருந்த கணக்கு அதுதான். அப்பா இன்றைக்கே போய்விட்டால் சனிக்கிழமை மூன்றாம் நாள் சடங்கு முடியும். நாளைக்கு என்றால் முடியாது.

"போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்றான். "பதினாறு நாள் டைம் கேக்கறேன்."

"கேளு" என்றாள் அவள்.

பஸ்ஸில் போகும்போதே ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டான். கார்வேட்டிநகரம் எஸ்.டி.டி. பூத்தில் ஆள் நிறைந்திருந்தது. "ஏம் பாபு, லண்டனுக்கா?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே வழி விட்டார். அந்தப் பக்கம் கிளப் செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அப்பா விஷயத்துக்கு உண்மையாகவே வருந்தினார். ஆனால் முதல் ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. இன்னொருவன் தென்னாப்பிரிக்காவில் தயாராக இருக்கிறான். கமிட்டி இன்று மாலை கூடுகிறது. அவர் என்ன சொல்லட்டும்?

கண்ணாடிக்கு வெளியே ஒரு லாரி மாங்காய் ஏற்றிக்கொண்டு போனது. தயார் செய்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்" என்றான்.

திரும்பி வந்து பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் அவனுக்கு முதலில் தோன்றியது, வியாழன், வெள்ளி, சனி. கண்ணீர் அதற்கப்புறம்தான் வந்தது.

வாசலில் வரலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அழவில்லை.

"நீ போயி பத்து நிமிஷங்கூட ஆவல. கண்ணத் தொறந்தாரு. 'அவனுக்குப் பஸ்ஸு கெடச்சிச்சா'ன்னாரு. கெடச்சிச்சி நைனான்னேன். அவ்ளோதான்."

சாயங்காலம் சுடுகாட்டில் நாவிதர் அவன் தலையையும் மீசையையும் மழித்தார். கொள்ளி வைத்துத் திரும்பிக் குளித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது பெரியப்பா கங்கையா தொண்டையைக் கனைத்தார்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாருக்கும் சொல்லி அனுப்பணும். இன்னாடா பாபு?"

பாபு தரையைப் பார்த்தான். இப்போது தங்கை சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். கடிகாரத்தைப் பற்றி, ஸ்கோர்போர்டைப் பற்றி. சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

"அவன் போவட்டும் பெரிப்பா" என்றாள் வரலட்சுமி. "சனிக்கெழம மூணாம் நாள முடிச்சிட்டுப் போவட்டும். பதினாறாம் நாள நான் பாத்துக்கறேன்."

"பொட்டப்புள்ள செய்யற காரியமாடி அது?"

"அப்போ நீ செய்யி."

கங்கையா மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூலையில் சுருண்டிருந்த அம்மா செங்கம்மா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "கொடியில அவன் துணி காஞ்சிச்சா பாரு வரலச்சுமி. பெட்டில வெய்யணும்."

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏற்ற ஊரே வந்தது. வரலட்சுமி வரவில்லை.

அந்தக் கிளப்பில் அவன் ஆறு கோடை ஆடினான். முதல் கோடையில் எண்ணூற்றுச் சொச்சம் ரன், அறுபத்தேழு விக்கெட். பத்திரிகைத் துண்டை வெட்டித் தங்கைக்கு அனுப்பினான். அம்மாவின் கால்வலி, பெய்யாத மழை, புதிதாகப் போட்ட போர்வெல்லில் வந்த தண்ணீர் என்று அவள் பதில் எழுதுவாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவளும் எழுதவில்லை, அவனும் கேட்கவில்லை.

முதல்முறை போய் இறங்கிய அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் செயலாளர் ஒரு புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற முகங்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். படத்தில் சுருட்டை முடியும் அடர்ந்த மீசையும் இருந்தன. பாபு இரண்டு தடவை அவருக்கு முன்னால் நடந்தான். அவர் அவனைத் தாண்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை நின்று, தன் பெயரைச் சொன்னான்.

வெளியே ஊசிமழை. காற்று மொட்டைத் தலையில் நேராக அடித்தது. கிழவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி நீட்டினார். பாபு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். கார் வரைக்கும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான்.