ஒரு மணிச் செய்தி

வலக் கன்னத்தை வழித்து முடித்துவிட்டு, தம்பியின் தலையை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினார் டயர்க்காரர். கழுத்து விறைத்துப் போயிருந்தது, லேசில் திரும்பவில்லை. காலை ஆறு மணிக்கு நின்ற மூச்சு. இப்போது பதினொன்றரை. சோப்பை இன்னொரு தடவை குழைத்துப் பூசினார்.

"பார்த்து, பார்த்து. வெட்டிரப் போறீங்க," என்றார் வாசல் பக்கம் நின்ற எதிர்வீட்டுக்காரர்.

"வெட்டுனா கத்தவா போறான்?"

டயர்க்காரர் கடையை மூடி எட்டு வருஷம் ஆகிறது. பேர் மட்டும் இவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயும்தான்.

தம்பி சவரம் செய்யாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. டிவி வருவதற்கு முன்னால், வெறும் ரேடியோவாக இருந்தபோதே அப்படித்தான். "எவன்டா உன் மூஞ்சியப் பாக்கறான்?" என்று இவர் கேட்பார். "குரல்ல தெரிஞ்சிரும்ணே," என்பான். காய்கறி விலை வாசிக்க ஆரம்பித்தவன். அப்புறம் வானிலை, அப்புறம் ஒரு மணிச் செய்தி. அதே கட்டடத்து மாடியில் டிவி தொடங்கியபோது முகத்தையும் கேட்டார்கள். மதியம் ரேடியோவில் குரல், சாயங்காலம் டிவியில் முகம். ஊரே அவனை 'ஒருமணி' என்றுதான் கூப்பிட்டது. தக்காளி நிறுத்துப் போடுகிறவன்கூட, "ஒருமணி சார், ஒரு தடவை வணக்கம் சொல்லுங்க" என்பான். இவனும் தராசுக்கு முன்னால் நின்று சொல்லுவான், வெட்கமே இல்லாமல்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எல்லாம் முடிந்தது. பழைய சிரிப்பு நடிகர் ஒருவர் கார் விபத்தில் இறந்துவிட்டார் என்று ஒரு மணிச் செய்தியில் தம்பி வாசித்தான். நடிகர் சாகவில்லை. அவரே ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டு, "எத்தனை மணிக்குத் தூக்கறாங்கன்னு சொன்னா நானும் வந்து கலந்துக்குவேன்" என்றாராம். அவர் சிரித்துவிட்டார். மகன் வீட்டில் இருந்த அவர் சம்சாரம், செய்தியைக் கேட்டு விழுந்தவள்தான். ஒரு பக்கக் கைகால் கடைசிவரை வரவில்லை. தம்பியை ரேடியோவிலிருந்தும் எடுத்தார்கள், டிவியிலிருந்தும் எடுத்தார்கள். ஒலிநாடா அடுக்குகிற அறையில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

"ஆபீஸ்ல தாள் குடுத்தாங்க, படிச்சேண்ணே," என்று அன்று சாயங்காலமே சொன்னான். டயர்க்காரர் உலகத்தில் யார் சொல்வதையும் நம்புகிற ஆள் இல்லை. தம்பி சொன்னதை நம்பினார். எவனோ எழுதிக் கொடுத்த தப்புக்கு இவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் சண்டை போட்டார். பத்தொன்பது வருஷமாகப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நிலையத்து மேனேஜர் மலர் வளையத்தோடு வந்தார். வைத்தார், கும்பிட்டார், பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"ஐயா, இன்னிக்கு ஒரு மணிச் செய்தியில சாரைப் பத்திச் சொல்லப் போறோம். ஒரு தடவை கேட்டுக்கங்க. குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

"எதுக்குக் கையெழுத்து?"

"அன்னிக்கு அப்படி ஆனதுக்கப்புறம் வந்த விதிய்யா. வீட்டு ஆளு கையெழுத்து இல்லாம எந்தச் சாவுச் செய்தியும் வாசிக்கக் கூடாது."

டயர்க்காரர் சவரக் கத்தியைத் துண்டில் துடைத்தார். "நான் போடலன்னா?"

"வாசிக்க முடியாது."

"நல்லதாப் போச்சு. படி."

"முப்பத்தைந்து ஆண்டுகள் நம் நிலையத்தில் சிறப்புடன் பணியாற்றிய..."

"சிறப்புடன்னா? டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுனதா?"

மேனேஜர் நிறுத்தினார்.

"ஒரு வரி சேரு. அந்தத் தப்புச் செய்தி ஆபீஸ்ல குடுத்த தாளு, இவன் மேல தப்பில்லைன்னு. சேத்தா கையெழுத்து. இல்லாட்டி வளையத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"ஐயா, அது வந்து... என்னால..."

"உன்னால ஆகாதுன்னா ஆகறவனக் கூப்பிடு."

மேனேஜர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பி சம்சாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

"மாமா, உள்ள கொஞ்சம் வாங்க."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அங்கே கிடந்த டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

"கையெழுத்தப் போட்டுருங்க மாமா. வீட்டுல இருந்தா, ஒரு மணிக்கு ரேடியோவ அணைச்சிட்டுத் தெருவுக்குப் போயிருவாரு. இத்தனை வருஷமா. இன்னிக்கு ஒரு நாளாவது அவரு பேரு வரட்டும்."

"வரட்டும். உண்மையோட வரட்டும்."

"தாளு எதுவும் வரல மாமா."

"என்ன?"

"யாரும் தாளு குடுக்கல. பன்னெண்டே முக்காலுக்கு யாரோ போன்ல சொன்னாங்க. இவரே கையால எழுதிக்கிட்டு உள்ள போயிட்டாரு. விசாரணை வெச்சாங்க. சொன்ன ஆளு யாருன்னு சொல்லு, அந்த ஆளையும் கூப்பிட்டுக் கேட்டுட்டு உன்னை எச்சரிக்கையோட விட்டுர்றோம்னாங்க. சொல்லல. 'நம்பிக்கையான ஆளு'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டாரு."

"உன்கிட்ட?"

"என்கிட்டயும் சொல்லல." கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று கடையில் பஞ்சருக்கு நின்ற லாரிக்காரன்தான் இவரிடம் சொன்னான். நடிகர் கார் தகர டப்பா மாதிரி நசுங்கிக் கிடக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினான். செய்தி வாசிக்கிற தம்பிக்கு அண்ணன் ஒரு செய்தி சொல்ல அதுவரை வாய்த்ததே இல்லை. கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் கடை போனைச் சுழற்றினார். "நிஜமாவாண்ணே?" என்றான். "நான் சொல்றேன்ல," என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், "நீ சொல்றதுக்கு முன்னாடியே தாள் வந்திருச்சுண்ணே," என்றான். சொல்லிவிட்டு, சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான்.

டயர்க்காரர் கூடத்துக்கு வந்தார். மேனேஜர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நிமிஷத்துல ஆபீஸுக்குச் சொல்லியாகணும்யா. அந்த வரியைப் பத்தி மேல வேணா கேட்டுப் பார்க்கறேன்..."

"வேண்டாம். விடு. எங்க போடணும்?"

மேனேஜர் இரண்டாவது தாளில் விரல் வைத்தார். டயர்க்காரர் படித்தது மூன்றாம் வகுப்பு. கோட்டுக்கு மேலே அச்சாகியிருந்ததை எழுத்துக் கூட்டினார். த, க, வ, ல். தகவல். த, ந், த. தகவல் தந்தவர். இரண்டாம் தடவையும் கூட்டினார். அப்புறம் பேனாவை வாங்கி, தாள் பொத்துப்போகிற அளவுக்கு அழுத்தித் தன் பேரை எழுதினார்.

"போன் நம்பரும் வேணும்யா. சரி பார்க்கறதுக்கு ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க."

டயர்க்காரர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மேனேஜர் எழுதிவிட்டு, மிச்சத்துக்குக் காத்திருந்தார்.

"இன்னும் இருக்கணுமேய்யா? ஆறுதான் வருது."

"ஆறுதான்."

"அது பழைய கடை நம்பருல்ல?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "கடையோட அந்தப் போனும் போயிருச்சே."

"எழுதிக்க," என்றார் டயர்க்காரர். "அன்னிக்கு அதுலேர்ந்துதான் பேசுனேன்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.